வாடகைக் கம்ப்யூட்டரா, பரண்மேல் கிடக்கும் மடிக்கணினியா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் என் பழைய மாணவன். 1995இல் ஐந்தாம் வகுப்பு, ஜன்னல் ஓரம் கடைசி வரிசை. பேர் போடவில்லை, படிக்கும்போது அவனுக்கே தெரியும். அவன் மகள் இந்த வருடம் பொன்னேரி அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள்.

"டீச்சர், புது லேப்டாப் நாற்பத்தஞ்சாயிரம் சொல்றாங்க, மாசத் தவணையில. கூட வேலை செய்யற பையன், லேப்டாப்பே வேணாம், மாசம் நானூறு ஐந்நூறு கட்டினா கம்ப்யூட்டரையே இன்டர்நெட்ல வாடகைக்கு எடுத்துக்கலாம், போன்லயே திறந்துக்கலாம்னு சொல்றான். நீங்களும் அப்படி ஒண்ணு வெச்சிருந்ததா உங்க பழைய பதிவுல படிச்சேன். எது டீச்சர் நல்லது?"

அவனுக்குப் போனில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இதே கேள்வியை இந்த மூன்று மாதத்தில் நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள் நான், கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். தப்பு இருந்தால் உங்களில் ஐ.டி.யில் இருப்பவர்கள் கீழே திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். விபிஎஸ் என்பார்கள். நம் பக்கத்தில் அந்தக் காலத்து ஒண்டுக்குடித்தனம் நினைவிருக்கிறதா? ஒரு பெரிய வீடு, நடுவில் தடுப்புச் சுவர்கள், ஆறு குடித்தனம். ஒவ்வொருவருக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. கிணறு மட்டும் பொது. விபிஎஸ் அதேதான். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஒரு ராட்சதக் கம்ப்யூட்டர். அதை மென்பொருளால் தடுத்துப் பல சின்னக் கம்ப்யூட்டர்களாக்கி வாடகைக்கு விடுகிறார்கள். உங்கள் பகுதியில் நீங்கள் விரும்பிய லினக்ஸைப் போட்டுக்கொள்ளலாம், விரும்பியபடி உடைத்துக் கட்டலாம். ஆனால் அடியில் இருக்கும் பிராசஸர் பொதுக் கிணறு. பக்கத்துக் குடித்தனக்காரர் மோட்டார் போட்டு இறைத்தால் உங்கள் வாளி மெதுவாகத்தான் நிரம்பும். விலை மலிவாக ஆக, அந்தக் கிணற்றை நம்பியிருக்கும் குடித்தனங்கள் கூடிக்கொண்டே போகும்.

இது இணையதளம் நடத்துகிறவர்களுக்காக வந்த ஏற்பாடு. திரை, மவுஸ், ஐகான் எதுவும் கிடையாது. எடுத்தவுடன் வருவது கறுப்புத் திரையும் சிமிட்டும் கோடும்தான். அதில் ஒரு டெஸ்க்டாப்பை நாமே ஏற்றி, அந்தத் திரையின் படத்தை இன்டர்நெட் வழியாக நம் போனிலோ பழைய லேப்டாப்பிலோ பார்க்கும்படி செய்வதுதான் அந்தப் பையன் சொன்ன 'வாடகைக் கம்ப்யூட்டர்'.

எனக்கு இது வந்த கதை. 2019இல் ஓய்வு பெற்ற பிறகு, முப்பது வருடமாக நோட்டுகளில் எழுதி வைத்திருந்த கும்மிப் பாட்டுகளையும் நடவுப் பாட்டுகளையும் தட்டச்சு செய்யலாம் என்று உட்கார்ந்தேன். கவரைப்பேட்டை சுற்று வட்டாரத்தில் என் மாணவர்களின் பாட்டிமார் பாடியவை. பாதி நாள் இங்கே என் வீடு, பாதி நாள் திருவள்ளூரில் மகள் வீடு. இங்கே தட்டச்சு செய்தது அங்கே இருக்காது. 2022இல் தம்பி மகன் வந்தபோது, "அத்தை, இதுக்கு ஒரு வழி இருக்கு" என்று ஒரு மத்தியானத்தில் அமைத்துக் கொடுத்தான்.

முதல் முறை திறந்தபோது நான் எழுதிய தமிழ் எல்லாம் பெட்டி பெட்டியாகத் தெரிந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துருவே இல்லை. அதைப் போட்டான். பிறகு தமிழ்99 விசைப்பலகை இங்கே வேலை செய்கிறது, அங்கே செய்யவில்லை. அதையும் அங்கே தனியாக ஏற்ற வேண்டியிருந்தது. கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் அது காலை ஏழரை என்றது.

அதைவிடப் பெரிய தொல்லை, தட்டினால் எழுத்து உடனே விழாது. விலை குறைவு என்று ஜெர்மனியில் எடுத்திருந்தான். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். ஜெர்மனி இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்று வையுங்கள். போக வரப் பதினைந்தாயிரம். கணக்குப் போட்டால் 0.075 விநாடி. கடலடி கேபிள் நேர்க்கோட்டிலா போகிறது? சுற்றி வளைத்துப் போகும்போது அது இரண்டு பங்காகிவிடுகிறது. படம் பார்க்க அது ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் தட்டிவிட்டு அது விழுகிறதா என்று பார்த்திருந்தால் விரல் தடுமாறும். 'கும்மி' என்று அடித்தால் 'கும்ம்மி' ஆகும்.

அதனால் பெங்களூருக்கு மாற்றினோம். எழுத்து உடனே விழுந்தது. ஆனால் ஜெர்மனியில் 2 ஜிபி ராம் கொடுத்த காசுக்குப் பெங்களூரில் 1 ஜிபிதான். ஃபயர்ஃபாக்ஸில் மூன்று பக்கம் திறந்தால் திரை உறைந்துபோகும். 2 ஜிபிக்குப் போனபோது மாதம் பத்து டாலர், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 'நானூறு ரூபாய்' என்று தொடங்கியது ஏறக்குறைய ஆயிரத்தில் வந்து நின்றது. பிள்ளைகளே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் இருக்கும் நானூறு, ஐந்நூறு எல்லாம் டெஸ்க்டாப் ஓட்டுவதற்கான விலை இல்லை. அது ஒரு சின்ன இணையதளம் ஓட்டும் விலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் நாள் ராத்திரி அதை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினோம். காலையில் தம்பி மகன் ஒரு பதிவேட்டைத் திறந்து காட்டினான். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ, 'ரூட்', 'அட்மின்' என்ற பேர்களில் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டு உள்ளே வரப் பார்த்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான முயற்சிகள், ஒரே ராத்திரியில். என்னைத் தேடி யாரும் வரவில்லை. தெருவில் உள்ள எல்லாக் கதவையும் ஆட்டிப் பார்க்கிற தானியங்கிகள் அவை. குறிப்பாக ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற வாசல் எண்ணை வெளியே திறந்து வைத்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். அதை மூடிவிட்டு, சாவிக் கோப்பு வைத்துக்கொண்டு, எஸ்எஸ்எச் என்கிற சுரங்க வழியாக மட்டும் போகும்படி செய்தான். இதெல்லாம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாத வீட்டில் இந்த ஏற்பாடு திறந்த வீடுதான்.

நல்லதையும் சொல்லாமல் விடக்கூடாது. இங்கே பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு ரயிலேறினால், திருவள்ளூரில் திறக்கும்போது கர்சர் அதே இடத்தில் சிமிட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் போனாலும் எழுதியது போகாது. சிப்காட் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு மின்னழுத்தம் ஏறி இறங்குவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஒன்றரை வருடம் நான் அதில் சந்தோஷமாகத்தான் எழுதினேன். அந்தப் பழைய பதிவு அந்தச் சந்தோஷத்தில் எழுதியது.

யூடியூபில் பாடம் பார்க்க மட்டும் அது ஆகாது. அந்தக் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் அட்டை கிடையாது. வீடியோ முதலில் பெங்களூருக்கு வந்து, அங்கே பிராசஸர் ஒவ்வொரு படமாக வரைந்து, அதைச் சுருக்கி மறுபடி நமக்கு அனுப்பும். திக்கித் திக்கி வரும், சத்தத்துக்குத் தனி வேலை. போதாக்குறைக்குச் சில தளங்கள், டேட்டா சென்டர் முகவரியிலிருந்து வருகிறோம் என்பதால், "நீ மனிதன்தானா, சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தொடு" என்று நிறுத்தி வைக்கும். முப்பத்தைந்து வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவளை மிஷின் ஆஜர் கேட்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். நம் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. பெங்களூரில் என் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நான் இங்கே மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் இருந்த நோட்டு என் கைக்கு எட்டியது, தட்டச்சு செய்தது எட்டவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

2024இல் அது நடந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் போவது சுலபமில்லை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி அதற்குக் கூடுதல் அனுமதி முறை கொண்டுவந்தது. நம் பணத்துக்குப் பாதுகாப்பு என்ற வகையில் அது நல்ல விதி. ஆனால் அதனால் தம்பி மகன் அவ்வப்போது கையால் முன்பணம் கட்டி வைப்பான். அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துக் கிளம்பும் அவசரத்தில் இது மறந்துபோனது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் அவன் பார்க்காமல் விட்ட பழைய முகவரிக்குப் போயிருக்கின்றன. முதலில் நிறுத்தினார்கள், பிறகு அழித்துவிட்டார்கள். கம்பெனியைக் குறை சொல்ல முடியாது, எல்லாம் அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. வாடகை வராத அறையை வீட்டுக்காரர் காலி செய்தார். ஆனால் வீட்டுக்காரர் என்றால் பாத்திரம் பண்டத்தையாவது வாசலில் வைப்பார். இங்கே அதுவும் இல்லை.

போனது ஏழு மாத வேலை. நோட்டுகள் இருக்கின்றன, அதனால் பாட்டுகள் போகவில்லை. போனது என்னவென்றால், தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு பாட்டியின் வீட்டுக்கும் மறுபடி போய்க் கேட்டுச் சேர்த்த திருத்தங்களும் சொல் விளக்கங்களும். அவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. தம்பி மகன் போனில் அழுதான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. இன்னொரு பிரதி வீட்டில் வைக்காதது என் தப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'நகல் எடுத்து வை' என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

இனி என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன்.

இந்த வாடகை யோசனை புதிதில்லை. 2007 வாக்கிலேயே சென்னையில் நோவாட்டியம் என்ற நிறுவனம் இதைச் செய்து பார்த்தது. ராஜேஷ் ஜெயின், ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா போன்றவர்கள் பின்னால் இருந்தார்கள். வீட்டில் ஒரு சின்னப் பெட்டியும் திரையும், கணக்கு வேலை எல்லாம் தூரத்து சர்வரில். ஏழைக்கும் கம்ப்யூட்டர் என்ற நல்ல எண்ணம். ஆனாலும் என் பிள்ளைகள் யார் வீட்டிலும் அந்தப் பெட்டியை நான் பார்த்ததில்லை. 2025 ஜூலையில் ஜியோ அதே யோசனையை ஜியோபிசி என்று கொண்டுவந்தது. செட்டாப் பாக்ஸில் கீபோர்டும் மவுஸும் செருகினால் டிவியே கம்ப்யூட்டர். 8 ஜிபி ராம், 100 ஜிபி இடம், மாதம் 599 ரூபாய், ஜிஎஸ்டி தனி. நான் பட்ட அவதிகளில் பாதி அதில் இருக்காது, பராமரிப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நியாயமாகச் சொன்னால், டிவியும் பிராட்பேண்டும் ஏற்கெனவே இருக்கிற வீட்டில், எப்போதாவது ஒரு விண்ணப்பம் நிரப்ப, கடிதம் அடிக்க அது போதும்.

ஆனால் மூன்று வருடப் படிப்புக்குக் கணக்குப் போடு. ஜிஎஸ்டியோடு மாதம் 706 ரூபாய் 82 காசு. முப்பத்தாறு மாதத்துக்கு 25,445 ரூபாய். மொத்தமாகக் கட்டினால் குறையும், சரி. நான் வைத்திருந்த மாதிரி விபிஎஸ் என்றால் முப்பத்தைந்தாயிரம். இதற்கு மேல் இன்டர்நெட் செலவு. மூன்றாம் வருடக் கடைசியில் உன் மகள் கையில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. எந்த மாதம் ஆலையில் ஷிப்ட் குறைகிறதோ, எந்த மாதம் காண்ட்ராக்டர் கூலியைத் தள்ளிப்போடுகிறாரோ, அந்த மாதம் அவள் கம்ப்யூட்டரும் நிற்கும். செமஸ்டர் பிராஜெக்ட் பாதியில் இருக்கும்போது நின்றால்? மாதச் சம்பளம் நிச்சயமாக வருகிறவர்களுக்கு வாடகை ஒரு வசதி. தினக்கூலிக்காரன் வீட்டில் அது தலைக்கு மேல் தொங்கும் கத்தி.

சிப்காட்டில் கணக்கு எழுதும் என் பிள்ளைகள் சிலர் டேலியை ரிமோட் டெஸ்க்டாப்பில்தான் ஓட்டுகிறார்கள். அங்கே அது சரி. வாடகை கட்ட ஆபீஸ் இருக்கிறது, நகல் எடுக்க ஆள் இருக்கிறது. போனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஒரு பெண் குழந்தையின் படிப்புக்கு அப்படிப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

சரி, லேப்டாப்புக்கு நாற்பத்தைந்தாயிரம் எங்கே போவது என்பாய். தவணையில் புதியது வாங்காதே. உன் தங்கை பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி உன் வீட்டுப் பரணில் இருப்பதாகச் சொன்னாயே, அதை இறக்கு. அந்தத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா நம் காக்களூரில்தான் தொடங்கி வைத்தார். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. எனக்குத் தெரிந்து அதைத் திறந்து பார்த்த பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். சொல்லிக்கொடுக்க எங்களுக்கும் தெரியவில்லை, அந்தக் குற்றத்தில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. விண்டோஸ் மெதுவானதும் 'கம்ப்யூட்டர் செத்துவிட்டது' என்று பரணில் ஏற்றினோம். செத்தது கம்ப்யூட்டர் இல்லை. இப்போது விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அந்தப் பழைய பெட்டிகளில் முறைப்படி ஏறாது. அதனால் இன்னும் எத்தனை லேப்டாப் பரணுக்குப் போகப் போகிறதோ.

என் மகள் வீட்டில் இருந்த அதே மாதிரி மடிக்கணினியை நான் போன வருடம் எடுத்தேன். அதில் ராம் 2 ஜிபி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய 4 ஜிபி ராம் ஒன்று, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் புது எஸ்எஸ்டி ஒன்று. எல்லாம் சேர்த்து எனக்கு அப்போது ஆனது 2,800 ரூபாய். இப்போது விலை கூடியிருக்கலாம், இரண்டு கடை கேட்டு வாங்கு. பேட்டரி போய்விட்டது, கரண்டில் செருகித்தான் ஓட்டுகிறேன். எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த முகப்போடு லினக்ஸ் மின்ட் போட்டேன். வாடகைக் கம்ப்யூட்டரில் எந்த முகப்பு ஓடியதோ அதேதான். இந்தப் பதிவை அதில்தான் அடிக்கிறேன். பாட்டுகளையும் மறுபடி அதில்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது 61 முடிந்திருக்கிறது, பென்டிரைவில் ஒரு நகல், மகள் வீட்டில் ஒரு நகல்.

தம்பி மகன் இதைப் படித்தால் சண்டைக்கு வருவான். "அத்தை, பழைய பெட்டியும் ஒருநாள் புகைவிடும், சர்வரிலேயே நகல் வைத்திருந்தால் ஒன்றும் போயிருக்காது" என்பான். உண்மைதான். இன்னொன்றும் சொல்வான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பெண்ணுக்கு அந்தக் கறுப்புத் திரை ஒரு நல்ல பள்ளிக்கூடம். வாசல் எண் என்றால் என்ன, பூட்டுவது எப்படி, ராம் தீர்ந்தால் எது சாகும் என்பதெல்லாம் புத்தகத்தில் படித்தால் புரியாது. எனக்கே அறுபது வயதுக்கு மேல் அதில்தான் புரிந்தது. நாளைக்கு அவளுக்கு வேலை கிடைப்பதும் இந்த மாதிரி சர்வர்களைக் கட்டி மேய்ப்பதில் இருக்கலாம். நம் மாவட்டத்தோடு இருந்த அம்பத்தூரிலேயே டேட்டா சென்டர்கள் எழும்பி நிற்கின்றனவே. அதனால் இரண்டாம் வருடத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு, ஆக மலிவான விபிஎஸ் ஒன்றை எடுத்துக் கொடு. டெஸ்க்டாப் வேண்டாம், கறுப்புத் திரையே போதும். உடைக்கட்டும், அழிக்கட்டும், மறுபடி கட்டட்டும். அந்த நானூறு ரூபாயை நான் தருகிறேன். அவள் நோட்ஸும் பிராஜெக்டும் மட்டும் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

2025 பட்ஜெட்டில் தமிழக அரசு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. உன் மகளுக்கு அது கிடைத்தால் மகிழ்ச்சி. அப்போது பரணிலிருந்து இறக்கியதை உன் இரண்டாவது பையனுக்குக் கொடு. 'கையில் பெட்டி எதற்கு, எல்லோருக்கும் கிளவுடில் ஒரு அறை கொடுத்தால் செலவு குறையுமே' என்று கணக்குப் பார்க்கிற படித்தவர்களும் இருக்கிறார்கள். என் உறவுக்காரர் ஒருவரே போன கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து அப்படிப் பேசினார். அவர் வீட்டில் மூன்று லேப்டாப் இருக்கிறது.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை உனக்கு நைட் ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்குள் வந்துவிடுவாய் அல்லவா? மகளையும் கூட்டிக்கொண்டு வா. மடிக்கணினியோடு அதன் சார்ஜரையும் தேடி எடுத்து வா, பேட்டரி எப்படியும் செத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது. ஸ்க்ரூவை அவள்தான் கழற்ற வேண்டும், நீ இட்லி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் தூங்கு.